ஐந்தாம் லயத்துக்கு என்ன ரேட்டு?

ஒரு நீளக் கூரை. அதன் அடியில் பத்துக் கதவு, பத்து அடுப்பு, பத்து ரேஷன் கார்டு. இதைப் பத்து வீடு என்பீர்களா, ஒரு வியாபாரக் கட்டிடம் என்பீர்களா? இதெல்லாம் ஒரு கேள்வியா என்று சிரிக்காதீர்கள். ஏலப்பாறை பஜாரில் கேபிள் ஆபீஸ் நடத்தும் ஒரு மனிதர் இதற்குச் சொன்ன பதிலால், சித்ரா என்ற பெண்ணுக்குக் கிடைத்த வேலை ஒரு வாரம் அந்தரத்தில் தொங்கியது.

சித்ராவுக்கு முப்பத்தொரு வயது. ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஐந்தாம் லயத்தில், ஏழாவது முறியில் பிறந்தவள். லயம் என்பது தொழிலாளிகளுக்குக் கம்பெனி கட்டிவிட்ட வரிசைக் குடியிருப்பு. முறி என்பது அதில் ஒரு குடும்பத்தின் பங்கு: முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அடுப்படி. முறிக்கும் முறிக்கும் நடுவில் உள்ள சுவர் ஏழடியோடு நின்றுவிடும். அதற்கு மேலே கூரை வரை வெறும் காற்று. ஒருத்தி அடுப்படியில் தும்மினால் மூன்று முறி தாண்டி "நூறு" என்று குரல் வரும்.

அப்பா தோட்டத்தில் மருந்தடித்தவர். முகமூடி கொடுத்ததாகக் கம்பெனிக் காகிதத்தில் இருக்கிறது. அவர் முகத்தில் யாரும் பார்த்ததில்லை. நாற்பத்தேழு வயதில் இருமி இருமியே போனார். அம்மா வேலுத்தாய் இன்றும் கொழுந்து எடுக்கிறாள். வருகிற மார்ச்சில் அவளுக்கு ஓய்வு. கம்பெனிப் பதிவில் பேர் வெட்டினால் முறியையும் காலி செய்ய வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். முப்பத்தைந்து வருடம் குனிந்து நிமிர்ந்தவளுக்குக் கடைசியில் கையில் ஒரு சாவிகூட மிஞ்சாது. இதை விதி என்று சொல்லி விளக்கேற்றுகிறவர்கள் லயத்தில் நிறைய. சித்ராவுக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. விதியை யார் எழுதியது, எந்த ஆபீசில் எழுதியது, நகல் கிடைக்குமா என்று கேட்கிற சாதி அவள்.

கட்டப்பனையில் பி.காம். படித்தாள். பிறகு பாலக்காட்டுக்குக் கிழக்கே கஞ்சிக்கோட்டில், ஒரு கம்பி ஆலையின் டெஸ்பாட்ச் ஆபீசில் நான்கு வருடம் வேலை. அந்தப் பிரிவை மூடினார்கள்; திரும்பி வந்தாள். வந்ததிலிருந்து உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் நடக்க வேண்டும். சோற்றுத் தட்டைக் கையில் ஏந்தி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே சாப்பிடுவாள். "வயித்துக்குள்ள சோறு எந்தப் பக்கம் போகணும்னு தெரியாம முழிக்கும்ட்டி" என்பாள் வேலுத்தாய். ஒரு பக்கெட் வாங்குவதென்றாலும் மூன்று கடையில் விலை கேட்காமல் சித்ரா வாங்கமாட்டாள். பஜாரில் அவளுக்கு 'மூணுகடை' என்று பட்டப்பெயர்.

ஒரு திங்கட்கிழமை காலை யோகப்பிரியா போன் செய்தாள். கஞ்சிக்கோட்டு ஆலையில் பக்கத்து மேசைக்காரி. வேலந்தாவளத்துப் பக்கம் விவசாயக் குடும்பம்.

"சித்ராக்கா, உங்க பேரக் குடுத்திருந்தேனுங்கல்ல, எடுத்துட்டாங்க. மருந்து விக்கற ஆப்புங்க. ஊட்ல இருந்தே வேல. தமிழ்லயும் மலையாளத்துலயும் கஸ்டமருக்குப் பதில் டைப் பண்ணோணும். பத்தொம்போதாயிரம்."

"எப்ப சேரணும்?"

"அடுத்த திங்கக்கெழம ஒம்போது மணிக்குங்க. ஆனா ஒண்ணு. மொபைல் நெட்டு ஆவாதாம். ஒயர்ல வர்ற நெட்டு, உங்க பேருல இருக்கோணும். ஸ்பீடு பாத்து போட்டோவ சனிக்கெழம அஞ்சு மணிக்குள்ள அனுப்போணும். இல்லீன்னா அடுத்த ஆளக் கூப்புட்டுருவாங்க. சொல்லிப்புட்டேன்."

லயத்தில் மொபைலுக்கே சிக்னல் கிடையாது. வளைவு ரோட்டில் ஒரு கல் இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும், மூடுபனி இறங்கினால் அதுவும் போகும். சித்ரா அந்தக் கல்லின் மேல் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். ஆறு நாள் இருந்தது. கல்லிலிருந்து குதித்தாள்.

செவ்வாய்க்கிழமை பஜாரில் மூன்று ஆபீசுக்கும் ஏறினாள். அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு இணையம் கொடுப்பவர்கள் மூன்று பேர், மூவருமே உள்ளூர்க்காரர்கள். டி.வி. கேபிள் இழுத்துத் தொடங்கி, அதே கம்பத்தில் இப்போது இணையத்தையும் இழுக்கிறார்கள்.

முதலில் பிரதீப்பின் ஆபீஸ். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. மலைப்பிரதேசத்தில் ஏசி எதற்கு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வாசலில் '399 மட்டும்' என்று ஆளுயரப் பலகை.

"முன்னூத்தித் தொண்ணூத்தொம்பது எத்தனை மாசத்துக்கு?" என்று கேட்டாள்.

பிரதீப் புன்னகைத்தான். இந்தக் கேள்வியை அவன் அதிகம் கேட்டதில்லை. முதல் மூன்று மாதத்துக்கு. பிறகு 649. வரி தனி. மோடம் வாடகை மாதம் 75. பொருத்துக் கூலி 1,500. ஒவ்வொன்றையும் அவள் கேட்ட பிறகுதான் சொன்னான். கேட்காதவர்களுக்கு அது பில்லில்தான் தெரியும்.

இரண்டாவது இன்னாசிராஜின் கடை. சர்ச் முக்கில் செருப்புக்கடைக்கு மாடி. மாதம் 499, வரி உள்பட. பொருத்துக் கூலி 500. ஆனால் அவருடைய லைன் சர்ச் முக்கோடு நிற்கிறது. நூறு மீட்டர் ஒயர் இலவசம், அதற்கு மேல் மீட்டருக்குப் பதினான்கு ரூபாய். லயம் வரைக்கும் 380 மீட்டர்.

மூன்றாவது தங்கச்சன். முப்பது வருடக் கேபிள்காரர். அவருடைய ஒயர் மேனேஜர் பங்களாவுக்குப் போகிற வழியில் ஐந்தாம் லயத்து வாசல் வழியாகவே போகிறது. மாதம் 449, வரி தனி, பொருத்துக் கூலி 1,000, மோடத்துக்கு முன்பணம் 1,500. லைனை நிறுத்தினால் திரும்பக் கிடைக்கும்.

"மோளே, லயத்துல பத்துப் பேரு சேர்ந்து எடுத்தா பொருத்துக் கூலி வேண்டாம்" என்றார் தங்கச்சன். தாராளமான மனிதர் என்று நினைத்துக்கொண்டு இறங்கினாள்.

வீட்டுக்கு வந்து பழைய மாதக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் மூன்று பத்தி போட்டாள். மாத விலையை ஒப்பிடுகிறவன் ஏமாறுகிறவன். வருடத்துக்கு என் கையை விட்டு மொத்தம் எவ்வளவு போகும் என்பதுதான் விலை. டெஸ்பாட்ச் ஆபீசில் லாரி வாடகை பார்த்தபோது அவளுக்குப் பிடிபட்ட பாடம் இது. கூட்டினாள். 399 என்று பலகை வைத்த பிரதீப்புக்கு வருடம் 10,705. இன்னாசிராஜுக்கு 10,408. தங்கச்சனுக்கு 8,858, அதிலும் 1,500 திரும்பி வரும். வாசலில் மலிவாக நின்றது கூட்டிப் பார்த்தால் மூன்றிலும் கூடுதல் விலை.

"ஏட்டி, தங்கச்சன்கிட்டயே எடுத்துருதியா?" கேட்டது வேலுத்தாய் இல்லை, சுவருக்கு மேலே இருந்து வந்த குரல். எட்டாம் முறி முத்துப்பேச்சி. மேனேஜர் பங்களாவில் சமையல் வேலை.

"ஆமாக்கா. பத்துப் பேர் சேந்தா ஆயிரம் ரூவா மிச்சம்."

"அப்ப என் பேரையும் எழுது. எங்க வீட்டு மனுசன் திருப்பூர்ல இருந்து பேசுனா, கல்லு மேல ஏறி நின்னாலும் வீடியோல மூஞ்சி கட்டம் கட்டமா வருது. அவருதானா, பனியன் கம்பெனி விளம்பரமான்னு தெரியல."

ஒன்பதாம் முறியில் சிரித்தார்கள். பிறகு அவர்கள் பேரையும் எழுதச் சொன்னார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் பத்து முறியும் சேர்ந்துவிட்டது. எழுத்து நன்றாக இருப்பதால் பத்து விண்ணப்பத்தையும் சித்ராவே நிரப்பினாள்.

தவறு அங்கேதான் நடந்தது. முகவரி என்ற இடத்தில் தோட்டத்தின் பேர், ஐந்தாம் லயம், செக்ரோல் நம்பர். செக்ரோல் நம்பர் என்பது கம்பெனிப் பதிவில் தொழிலாளியின் எண். தோட்டத்து ஆஸ்பத்திரியில், கூட்டுறவுக் கடையில், அம்மன் கோயில் வரிச்சீட்டில், எங்கும் அதைத்தான் எழுதுவார்கள். பிறந்ததிலிருந்து அவர்களுடைய முகவரி அதுதான். கட்டிட உரிமையாளர் என்ற இடத்தில் 'கம்பெனி' என்று எழுதினாள். அதுதானே உண்மை. பத்துத் தாளிலும், அழகான கையெழுத்தில், ஒரே உண்மை.

புதன்கிழமை கொடுத்தாள். வியாழன் மதியம் வளைவுக் கல்லில் ஏறியபோது பத்துப் பேருக்குமான ஒரே செய்தி போனில் வந்தது. கட்டிடம் கம்பெனிக்குச் சொந்தமாகையால் வியாபார இணைப்பு. மாதம் 899, வரி தனி. ஒரு வருடத்துக்கு விலக முடியாது.

வியாபார இணைப்பாம். பத்துக்குப் பத்து அறை, மழைக்கு ஒழுகும் தகரம், அதற்குள் என்ன வியாபாரம் நடக்கிறது? அங்கே விற்கப்படுவது ஒன்றே ஒன்றுதான், அந்தப் பெண்களின் முதுகெலும்பு. அதை வாங்குகிறவர் பங்களாவில் இருக்கிறார்.

சாயந்தரம் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் ஏழாம் முறி வாசலில் நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் சித்ராவைக் குடைந்தது.

"கம்பெனின்னு எழுதாம விட்டிருக்கலாம்ல" என்றாள் இரண்டாம் முறிக்காரி. "படிச்ச பிள்ள எழுதுதுன்னு நாங்க ரேகை வச்சோம்."

"எழுதாம விட்டா என்ன எழுதறது அக்கா? யாருக்குச் சொந்தம்னு?"

அவரவர் முறிக்குள் போனார்கள். வரியோடு சேர்த்து மாதம் 531 ரூபாய் கூடுதல். அவர்கள் கணக்கில் அது ஒரு முழு நாள் கூலிக்கு மேல். ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் தங்கச்சனுக்காகக் குனிய வேண்டும்.

வேலுத்தாய் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தேங்காய் எடுத்து வைத்தாள். "அம்மனுக்கு ஒண்ணு ஒடச்சிட்டுப் போ. மனசு எளகும்."

"யாரு மனசு? தங்கச்சனுக்கு வேற சாமிம்மா."

"வாய் மட்டும் வண்ணமா இருக்கு."

"கோயிலும் கம்பெனி எடத்துலதான நிக்குது? அம்மனுக்கு என்ன ரேட்டுன்னு கேட்டுப் பாரு." வேலுத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மகளின் சார்பாகவும் இரண்டு.

சித்ரா தேங்காயை விட்டுவிட்டு ரேஷன் கார்டை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். அட்டையின் மேல் வலது ஓரத்தில் பஞ்சாயத்து வார்டு, வீட்டு எண். கொழுந்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர்களை நிறுத்தி ஒவ்வொருவர் கார்டையும் வாங்கிப் பார்த்தாள். பத்துக்கும் பத்து வேறு எண். அரசாங்கம் என்றைக்கோ பத்து வீடு என்று எண்ணி வைத்திருக்கிறது. அந்த எண்ணை ஒரு விண்ணப்பத்தில் எழுத வேண்டும் என்று லயத்தில் யாருக்கும் தோன்றியதில்லை. அரிசி வாங்க மட்டும் பயன்படும் எண் என்று நினைத்திருந்தார்கள். அவளும்தான், பி.காம். படித்தவளும்தான்.

பஜாருக்கு இறங்கும் வழியில் முத்துப்பேச்சி கூடவே வந்தாள். பங்களாவுக்குப் பிரியும் இடத்தில் நின்று, "ஒண்ணு சொல்லுதேன். பங்களாவுல பிரிட்ஜு மேல காந்தம் வச்சு தங்கச்சன் நெட்டு பில்லு ஒட்டியிருக்கு. நாநூத்தி நாப்பத்தொம்பது. தொடைக்கும்போது தெனம் பாக்கேன்" என்றாள்.

"பங்களா யாருக்குச் சொந்தம் அக்கா?"

"கம்பெனிக்குத்தான். தொரைக்கு மட்டும் என்ன, அப்பன் வீட்டுச் சொத்தா?"

முத்துப்பேச்சி போய்விட்டாள். சித்ரா அந்த இடத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக இறங்கினாள்.

முதலில் இன்னாசிராஜிடம் ஏறினாள். 380 மீட்டருக்கும் காசு கொடுத்தால் நாளைக்குள் இழுப்பாரா? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தங்கச்சி, பொய் சொல்ல எனக்கு வரல. அந்த வளைவு ரோடு தங்கச்சனுக்கு. கீழ ரோடு பிரதீப்புக்கு. சர்ச் பக்கம் எனக்கு. எழுதி வைக்கல, ஆனா அப்படித்தான்."

"அப்ப அன்னைக்கு மீட்டர் கணக்கு சொன்னது?"

"கேட்டா சொல்லணும்ல. கேக்கறவங்க யாரும் ரெண்டாவது தடவ வர்றதில்ல."

மூன்று கடை, மூன்று பலகை, மூன்று விலை. நீ எங்கே குடியிருக்கிறாயோ அங்கே ஒரே கடைதான். பிரதீப்பைக் கேட்டால் 'சர்வே' என்று இரண்டு வாரம் இழுப்பான் என்பது அப்போது அவளுக்குப் புரிந்தது. செவ்வாய்க்கிழமை காலண்டர் தாளில் அவள் போட்ட மூன்று பத்தியும் ஒரு நாடகத்துக்குப் போட்ட கணக்கு.

தங்கச்சன் ஆபீசில் ரேஷன் கார்டை மேசையில் வைத்தாள். "பத்து வீட்டுக்கும் பத்து நம்பர். பஞ்சாயத்து குடுத்தது."

அவர் அதைத் தொடவில்லை. "மோளே, கெட்டிடம் கம்பெனிட அல்லே. நீயே எழுதியிருக்கு. சிஸ்டத்துல ஏறிப்போயி."

"மேனேஜர் பங்களாவும் கம்பெனி கெட்டிடந்தான். அதுக்கு எவ்வளவு?"

தங்கச்சனின் பேனா நின்றது. "அது சாரோட வீடு."

"எங்களது?"

"அது லயம்."

இரண்டு சொல். சட்டம் இல்லை, கணக்கு இல்லை, அவர் சொன்ன சிஸ்டமும் இல்லை. வீடு என்றால் பங்களா. லயம் என்றால் வீடு அல்ல. முப்பது வருடமாக இந்த மனிதர் மனதில் இருந்ததுதான் 899 என்ற எண்ணாக வெளியே வந்திருக்கிறது. சித்ரா எழுந்து படியிறங்கினாள். இரண்டு படி இறங்கியதும் பின்னால் கூப்பிட்டார்.

"நிக்கு. நினக்கு ஜோலி விஷயம், எனக்கு மனசிலாவும். நாளை காலைல ஆள அனுப்பறேன். நினக்கு மட்டும் வீட்டு ரேட்டு, நாநூத்தி நாப்பத்தொம்பது. மத்த ஒன்பது பேருக்கும் நீ போயி ஒந்நும் பேசண்டா. ஆரோடும் பறயவும் வேண்டா."

"காலையில சொல்றேன்" என்றாள்.

ஏற்றத்தில் நடந்தபோது அவளுக்குள் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ஒருத்தி சொன்னாள்: எடுத்துக்கொள், சனிக்கிழமை ஐந்து மணி உனக்காக நிற்காது, மார்ச்சில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கே போவாய்? இன்னொருத்தி சொன்னாள்: உனக்கு வீட்டு ரேட்டு தருகிறான் என்றால், வீட்டு ரேட்டு தர முடியும் என்றுதானே அர்த்தம். வளைவில் இருந்த கல்லில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். யாருக்குப் போன் செய்வது என்று தெரியவில்லை. இறங்கி நடந்தாள்.

அம்மாவிடம் மட்டும், மெதுவாக, அடுப்படியில் வைத்துச் சொன்னாள்.

"எடுத்துக்கோ" என்றாள் வேலுத்தாய் உடனே. "பத்துப் பேருக்கும் நீ என்ன கங்காணியா? அவுக பிழைப்ப அவுக பாப்பாக."

"பத்து ஃபாரமும் நான் எழுதினதும்மா."

"எழுதினா? உனக்கு வேல போச்சுன்னா அவுகளா சோறு போடுவாக?"

சுவருக்கு மேலே யாரோ தொண்டையைச் செருமினார்கள். வேலுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். நேரம் கடந்துவிட்டது. எட்டாம் முறியில் முத்துப்பேச்சி, ஒன்பதாம் முறியில் யாரோ, ஆறாம் முறியில் ஒரு பாத்திரம் நின்றுபோன சத்தம். 'ஆரோடும் பறயண்டா' என்று நிபந்தனை போட்ட தங்கச்சன் தன் வாழ்க்கையில் ஒருநாள்கூட லயத்தில் படுத்தவரில்லை. அங்கே சுவர் ஏழடிதான் என்பது அவருக்குத் தெரியாது.

"வேலுத்தாயக்கா சொல்றது சரிதான்" என்றாள் முத்துப்பேச்சி சுவருக்கு அப்பாலிருந்து. "வாங்கிக்கோட்டி. நாங்க ஒண்ணும் உன்ன மண்ணள்ளித் தூத்த மாட்டோம்."

"தூத்துனாலும் சுவருக்கு மேல வழி இருக்கு" என்றாள் ஆறாம் முறிக்காரி. இரண்டு முறியில் சிரிப்பு.

சித்ரா சிரிக்கவில்லை. நடந்துகொண்டிருந்தாள். நின்றாள்.

"அக்கா, பில்லுல என்னன்னு எழுதுவான்?"

"என்னத்த?"

"எனக்குத் தர்ற பில்லுல. வீட்டு இணைப்புன்னு எழுதினாத்தான் அந்த ரேட்டு வரும். வியாபாரம்னு எழுதினா மெஷின் எண்ணூத்தித் தொண்ணூத்தொம்பதுதான் அடிக்கும்." அவளே தொடர்ந்தாள்: "ஒரே கூரை. ஒரே கம்பெனி. ஏழாம் முறி வீடுன்னு அவனே எழுதிக் கொடுத்தா, எட்டாம் முறி எப்படிக் கடை ஆகும்?"

சுவருக்கு அப்பாலிருந்து முத்துப்பேச்சி, "படிச்சவதான்" என்றாள். பாராட்டா கிண்டலா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரலில்.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கல்லின் மேல் நின்று தங்கச்சனுக்குப் போன் செய்தாள். "ஆள அனுப்புங்க. ரசீது வேணும், என் பேருல."

"ஆரோடும் பறயண்டா."

"நான் யார்ட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன்." அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. சொல்ல வேண்டியவர்கள் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும்.

லைன் இழுக்க வந்தவன் நாற்பது நிமிடத்தில் முடித்தான். ஒயர் வாசலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குத்தான் இத்தனை நாள். பொருத்துக் கூலி, முன்பணம், முதல் மாதம், எல்லாம் சேர்த்து 3,030 ரூபாய் எண்ணிக் கொடுத்தாள். அவன் இடுப்பில் இருந்த சின்ன மெஷின் ஒரு தாளைத் துப்பியது. பெயர், சித்ரா. முகவரி, ஐந்தாம் லயம். வகை, வீட்டு உபயோகம். மாதம் 449. காலம், ஒரு வருடம்.

பதினொன்று ஐம்பதுக்கு வேகத்தைப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பினாள். அதற்குப் பின் மூன்று மணி நேரம் முற்றத்தில் நடந்தாள். இரண்டே முக்காலுக்குப் பதில் வந்தது. திங்கள் ஒன்பது மணிக்கு லாகின் செய்யவும்.

சாயந்தரம் ஒன்பது பேர் வந்து ரசீதைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி விரலால் 'வீட்டு' என்ற சொல்லைத் தடவிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்காரர்கள் பஜாருக்கு இறங்கும் நாள். வேலுத்தாய் மகளைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நீ போகாத. அவுக போகட்டும். நாளைக்கு ஒம்பது மணி வரைக்காவது சும்மா இரு." சித்ரா சும்மா இருக்கத் தெரிந்தவளாக இருந்தால் இந்தக் கதையே இல்லை.

பத்துப் பெண்கள் படியேறுவதைக் கண்டதும் தங்கச்சன் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். ஒன்பது போனில் ஒரே ரசீது. அவர் மற்றவர்களைப் பார்க்கவில்லை, சித்ராவைத்தான் பார்த்தார்.

"நீ வாக்கு மாறிப்போயி. நின்ட லைன் நாளை காலைல கட்டாக்கும்."

அது வெறும் மிரட்டல் அல்ல. கம்பத்தில் ஒரு முடிச்சை அவிழ்க்க அவருக்கு இரண்டு நிமிடம் போதும். திங்கள் ஒன்பது மணிக்குத் திரை இருண்டிருந்தால் பத்தொன்பதாயிரம் இல்லை, மார்ச்சுக்குப் பிறகு ஒரு கூரை இல்லை. சித்ரா கையில் இருந்த ரசீதை விரித்துக் காட்டினாள்.

"ஒரு வருசம்னு இதுல இருக்கு. கட் பண்றதா இருந்தா காரணத்த எழுதிக் கொடுங்க" என்றாள். "பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு விலை தெரிஞ்சுபோச்சு, அதனால கட் பண்றேன்னு எழுதுங்க."

ஞாயிற்றுக்கிழமைப் பஜார். கீழே காய்கறிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன சேட்டா, இவங்களுக்கு நாநூத்தி நாப்பத்தொம்பதா? என் வீட்டுக்கு ஐநூத்தி நாப்பத்தொம்பது வாங்குறீங்க." தையற்கடைக்காரர் வெளியே வந்தார். தன்னுடையது 499 என்றார். மருந்துக்கடைப் பெண் போனில் தன் பில்லைத் தேடினாள், அவளுக்கு 599. பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் தொகையைச் சொல்லத் தொடங்கினார்கள். ஒரே கம்பம், ஒரே ஒயர், ஒரே வேகம். இரண்டு பேர் ஒரே தொகை கட்டவில்லை. தோற்றத்தையும் தைரியத்தையும் பார்த்துப் போடப்பட்ட விலை அது. இத்தனை வருடம் அது நின்றதற்கு ஒரே காரணம், யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

தங்கச்சன் உள்ளே போனார். ஒன்பது விண்ணப்பத்தையும் எடுத்து வந்தார். "ரேஷன் கார்டு நம்பர் எழுதிக் கொண்டுவா" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். பொருத்துக் கூலியைத் தள்ளுவதாகச் சொன்ன பேச்சு போனது போனதுதான். ஆனால் மாதம் 449. வகை, வீட்டு உபயோகம். முத்துப்பேச்சி வாசற்படியிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள், எழுத்துக் கூட்டி, தன் கையாலேயே.

திங்கட்கிழமை காலை ஆறு மணியிலிருந்து சித்ரா மோடத்தின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு ஐம்பத்தைந்துக்கு வாசலுக்குப் போய் ஒயரைப் பார்த்தாள், கம்பத்தைப் பார்த்தாள், திரும்பி வந்தாள். ஒன்பது மணிக்கு லாகின் செய்தாள். முதல் கேள்வி பெரும்பாவூரிலிருந்து: சர்க்கரை மாத்திரை ஏன் இன்னும் வரவில்லை? பதில் அடித்தாள்.

அவள் நிம்மதியாகிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். மூன்றாம் லயத்தில் நான்கு குடும்பம் போன வருடமே 899 கட்டிச் சேர்ந்திருக்கிறது, இன்றும் கட்டுகிறது. ஒன்பதாம் லயத்திலும் அப்படித்தானாம். அந்த மலையில் எத்தனை லயம், எத்தனை பேர் என்று யாரிடமும் கணக்கில்லை. இடைவேளையில் சாப்பிடும்போது அவள் இன்னும் நடந்துகொண்டேதான் சாப்பிடுகிறாள், தட்டு ஒரு கையில், அடுத்த ஞாயிறு எந்த லயத்துக்கு முதலில் போவது என்ற யோசனை தலையில்.

அவளால் எல்லா லயத்துக்கும் நடக்க முடியாது. உங்களால் அடுத்த வாசல் வரை நடக்க முடியும். இதை மூடி வைத்ததும், உங்கள் இணைய ரசீதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவர்களுடையதைக் கேட்டு வாங்கி உங்களுடையதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். தொகை வேறாக இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே போய், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.